கடலுக்குப் போகாத தண்ணி

இங்கிட்டு உக்காருங்க தம்பி. பைய நான் மடியில வச்சுக்கறேன், எடம் இருக்கு. ஆடி அமாவாசை அன்னைக்கு ராமநாதபுரம் பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்கிறதே பெரிசு. பாருங்க, பரமக்குடியில ஏறுன அம்புட்டுப் பேரும் சேதுக்கரைக்குத்தான். ஒவ்வொருத்தர் மடியிலயும் எள்ளும் பச்சரிசியும் வாழைக்காயும் இருக்கு. கடல்ல முங்கி எந்திரிச்சு, செத்தவுகளுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டு வருவாக. நானும் சேதுக்கரைக்குத்தான் போறேன். ஆனா எறைக்கப் போகல. எறைக்க விடாமத் தடுக்கப் போறேன்.

அப்பிடிப் பாக்காதீங்க. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. எங்க கொழுந்தன், வழிவிட்டான்னு பேரு, அவன்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான், அண்ணிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு. இன்னைக்கு விடியக்காலம் பங்காளி வீட்டு ஆளுகளை எல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டு எனக்கு முன்னாடியே போயிட்டான். "நீங்க வீட்டுல இருங்க அண்ணி, அங்க வந்து சத்தம் போடாதீக"ன்னான். சரிப்பான்னு தலையாட்டிட்டு, வேன் தெரு முக்கு திரும்பவும் கதவப் பூட்டிட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன். உச்சிப்பொழுதுக்குள்ள போய்ச் சேரணும். இந்த டிரைவரு என்னடான்னா மாட்டு வண்டியாட்டம் உருட்டிக்கிட்டுப் போறாரு.

யாருக்குக் காரியம்னா கேக்குறீங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான்.

ஓமான் தேசத்துல வேலை பாத்தாக. போன பங்குனியில ஒரு நா சாயங்காலம், ஓடைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சுங்குறாக. ஆளக் காணோம். ஒடம்பும் கெடைக்கல. கெடைக்காத ஒடம்புக்குக் காரியம் பண்ணலாமா, நீங்களே சொல்லுங்க. வழிவிட்டான் என்ன சொல்றான்னா, ஆத்துல போனது கடலுக்குத்தான் போய்ச் சேருமாம், எந்தக் கடலா இருந்தாலும் தண்ணி ஒண்ணுதானாம், சேதுக்கரையில எறைச்சா அண்ணனுக்குப் போயிருமாம். கம்பெனிக்காரவுகளும் அவன்கிட்டப் போன்ல பேசிட்டாக. நீங்க காரியத்த முடிச்சிட்டுச் சொல்லுங்க, நாங்க தேடுறத நிப்பாட்டிக்கிறோம்னு சொல்லிட்டாக. அதான் தம்பி வகுறு எரியுது. இன்னைக்கு அந்தக் கரையில எள்ளு விழுந்திருச்சுன்னா, அங்க தேடுறவுக கைய ஒதறிட்டுப் போயிருவாக. எம்புருசன் அந்தக் காட்டுலயே கெடந்துருவாக.

அந்த மலைத் தண்ணி கடலுக்குப் போகாது. ஒரு சொட்டுப் போகாது. இத நான் சொன்னா ஒருத்தருக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது.

நான் அந்த மலையப் பாத்தவ இல்ல. மதுரைக்கு அங்கிட்டு நான் போனதே கெடையாது. ஆனா என்னையக் கண்ணக் கட்டிக் கொண்டு போயி விட்டாலும் அந்த மலையில ஏறி எறங்கிருவேன். எப்பிடின்னா, அவுகதான் தெனம் சாயங்காலம் போன்ல சொல்லுவாகளே. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. என்ன படிக்கிறான், காய்ச்சல் விட்டுச்சான்னு கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. என்ன சாப்பிட்டீக, என்ன சாப்பிட்டன்னு கேட்டு முடிச்சா அப்புறம் பேச்சு அந்த மலைதான். அங்க வேற என்ன இருக்கு சொல்றதுக்கு. மலையத் தோண்டி ஜல்லி ஒடைக்கிற கம்பெனி. இவுக அந்த மிசினுகளுக்குக் காவல். ஊரு, கடை, கோயில் எதுவும் கெடையாது. கல்லும் வானமும்தான்.

பெரிய மலைன்னு நெனைச்சுக்காதீங்க. நீளம் எம்புட்டுன்னா, இப்ப இந்த பஸ்ஸு ஓடுதுல்ல, பரமக்குடியில இருந்து ராமநாதபுரம், அம்புட்டுத்தான். அகலத்தக் காலைக் கஞ்சியக் குடிச்சிட்டு நடந்தா மத்தியானக் கஞ்சிக்குக் கடந்துரலாம். சுத்தியும் பாலைவனம். நடுவுல தனியா நிக்குது. மேல ஒரு புல்லு கெடையாது, மண்ணு கெடையாது. மொட்டைக் கல்லு. மழை விழுந்தா உறிஞ்சிக்கிறதுக்கு எதுவும் இல்ல, விழுந்த தண்ணி அம்புட்டும் அப்பிடியே வழிஞ்சிரும்னு சொல்லுவாக.

அதோட முதுகு நடுவுல இல்ல, கெழக்கால ஒதுங்கி இருக்கு. சிலபேரு கூரை போடையில முன்பக்கத்தக் குட்டையாவும் பின்பக்கத்த நீளமாவும் எறக்கி விடுவாக பாத்திருக்கீங்களா, அப்பிடி. கெழக்குப் பக்கம் செங்குத்து. அந்தப் பக்கம் விழுகிற மழை நேரா எறங்கிக் கடலுக்குப் போகும், அது வாஸ்தவம். ஆனா அந்தப் பக்கம் கொஞ்சூண்டுதான். மலையோட பெரும்பாகம் மேக்கால சரிஞ்சு கெடக்கு. இவுக இருந்தது மேக்கால.

என் கையப் பாருங்க. அஞ்சு வெரலும் அஞ்சு ஓடைன்னு வச்சுக்கங்க. மலை உச்சியில இருந்து வருது. அஞ்சும் உள்ளங்கையில சேருது. சேர்ற எடத்துல கம்பெனி இருக்கு. அப்புறம் இந்தா மணிக்கட்டு, இதான் இடுக்கு. ரெண்டு பக்கமும் பாறை செவரு மாதிரி நிக்கும், நடுவுல ரெண்டு லாரி போற அகலம்தான். அம்புட்டு மலைத் தண்ணியும் அந்த ஒத்த வாசல்லதான் வெளிய போகணும். வெளிய போச்சுன்னா அங்கிட்டு மொழங்கை வரைக்கும் சரளைக்காடு. அண்டாவக் கவுத்து விட்ட மாதிரி தண்ணி எட்டுத் திக்குக்கும் பரவும். பரவிப் பரவி, அப்பிடியே சரளைக்குள்ள எறங்கிரும். மிச்சம் மீதி போனா உப்புப் பூத்த தரவை வெளியில போயிக் காஞ்சிரும். அங்கிட்டு மணலு. எங்க போகுது கடலுக்கு. கடலு முதுகுக்குப் பின்னாடில்ல இருக்கு.

வண்டி போற வரைக்கும் தேடுனாகளாம். இடுக்கத் தாண்டி ரோடு வரைக்கும். சரளைக்காட்டுக்குள்ள வண்டி போகாதுன்னு நின்னுட்டாக. அங்கதான் தம்பி தேடணும். தண்ணி எங்க எறங்குச்சோ அங்கதானே அது தூக்கிட்டு வந்ததப் போட்டுருக்கும்.

வழிவிட்டான்கிட்ட இதையே தரையில கோலமாவுல வரைஞ்சு காட்டுனேன். தலையில அடிச்சிக்கிட்டான். "ஆறு கடலுக்குப் போகாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் அண்ணி"ன்னான். அந்தா, கருவேல மரமாத் தெரியுதுல்ல, அது எந்த ஆறு. வைகை. இது எங்க போகுது. ராமநாதபுரம் பெரிய கம்மாயில போயி அடைஞ்சிருது. கம்மா நெறைஞ்சு மிஞ்சுனாத்தானே கடலு. எந்தக் காலத்துல மிஞ்சியிருக்கு. வீட்டுக் கொல்லையில ஓடுற ஆறு எங்க போகுதுன்னு தெரியாதவன், ஓமான் ஆத்தப் பத்தி எனக்குப் பாடம் நடத்துறான்.

இந்தாங்க, இந்தக் கடலை உருண்டையத் தின்னுங்க. மொகமே வாடிக் கெடக்கு. நான் இன்னைக்கு எதுவும் சாப்பிட மாட்டேன், விரதம் இல்ல, எறங்காது.

எங்களுக்கு மொளகாய் வெவசாயம். மழை இல்லாம நாலஞ்சு வெள்ளாமை தொடந்து கருகிப் போச்சு. அதுலதான் அவுக போனது. போற அன்னைக்கு அழுகல. "தண்ணியில்லாத ஊருல இருந்து தண்ணியில்லாத ஊருக்குத்தானே போறேன் நாகு, பழகுன சோலிதான்"னு சிரிச்சாக. என் பேரு நாகம்மா. அவுக நாகும்பாக.

போன மொத மாசம் பேச்சே இல்ல. அந்த மலைக்குள்ள டவர் கெடைக்காது. நான் தவிச்ச தவிப்பு. அப்புறம் அவுகளே எடத்தக் கண்டுபிடிச்சாக பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம். டவர் எங்கயோ வெளிய தரவையில இருக்கு. மலை சுத்தி மறைக்குது. எங்கிட்டு ஓட்டை இருக்குன்னு பாத்திருக்காக. அந்த இடுக்கு வழியாத்தான் வெளிச்சம் வருது, அது வழியா டவரும் வரும்ல. ஓடைக்கு நட்ட நடுவுல, இடுக்குக்கு நேரா ஒரு மட்டப் பாறை. அதுல உக்காந்தா எம்பேச்சு பக்கத்து வீட்டுல இருந்து பேசுற மாதிரி கேக்குமாம். ரெண்டடி தள்ளுனா அறுந்துருமாம். அன்னையில இருந்து சாயங்காலமானா ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிட்டுப் போயி அங்க போட்டு உக்காந்துருவாக. எனக்காக. எந்தப் பொண்டாட்டிக்கு இப்பிடி வாய்க்கும் சொல்லுங்க.

இது ஒரு பாவிக்குப் பொறுக்கல.

கான்னு ஒருத்தன். பட்டாணி. பாகிஸ்தான்காரன். பொக்லைன் ஓட்டுறவன். அந்தக் காட்டுல ராத்தங்குறது இவுகளும் அவனும்தான். கூடாரம் மேட்டுல இருக்கு. இவுகளுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு நம்ம பாஷை தெரியாது. சைகைதான். சோறாக்கிப் போடுவானாம், நல்லாத்தான் இருப்பானாம். ஆனா இவுக சேரைத் தூக்கிட்டு ஓடைக்குள்ள எறங்குனா மட்டும் பேய் பிடிச்சிரும். மேட்டுல நின்னுக்கிட்டுக் கத்துவான். ஓடையக் காட்டிட்டு, கையத் தலைக்கு மேல தூக்கித் தூக்கிக் காட்டுவானாம். என்னத்தக் காட்டுனானோ, அல்லாவத்தான் காட்டுனானோ. இவுக அசையலைன்னா எறங்கி வந்து, உக்காந்திருக்கிற சேரைப் பிடுங்கிக்கிட்டுப் போயி மேட்டுல போட்டுருவானாம். அப்புறம் வண்டிச் சாவியக் காட்டி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க பேசிக்கன்னு சைகை காட்டுவானாம். புருசனும் பொண்டாட்டியும் எந்தக் கெழம பேசணும்னு சொல்றதுக்கு இவன் யாரு. அவன் பொண்டாட்டி செத்துப் போச்சாம். பேச ஆளில்ல. ஒருத்தன் தெனம் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறதப் பாத்தா வகுத்தெரிச்சல் வரத்தானே செய்யும்.

அவன் தொல்லை தாங்காமக் கொஞ்ச நா இவுக எறங்கல. வெள்ளிக்கெழம மட்டும் பேசுனாக. நான் விட்டுருவனா. சோறு திங்கல. "தெனம் பேசலைன்னா நான் கம்மாயில விழுந்துருவேன்"னு அந்த வெள்ளிக்கெழமை சொன்னேன். "கம்மாயில தண்ணி ஏது நாகு, விழுந்தா முட்டிதான் பேரும்"னு சிரிச்சாக. ஆனா மறுநா சாயங்காலமே போன் வந்திருச்சு. பாறைக்குத் திரும்ப வந்துட்டாக. எம்மேல அம்புட்டு உசிரு.

அந்தச் சாயங்காலத்தச் சொல்றேன் கேளுங்க. இத எத்தனை பேருகிட்டச் சொன்னாலும் எனக்கு ஆறல.

வெயில் தாழ்ந்த நேரம். அங்க வானம் பளிச்சுனு இருக்குன்னாக. "தூரத்துல மலை உச்சி மேல கருக்கல் கட்டியிருக்கு நாகு, மின்னுது. இங்க ஒரு தூத்தல் இல்ல"ன்னாக. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. இங்க ரெண்டு வருசமா மேகமே எட்டிப் பாக்கல. பேசிக்கிட்டே இருக்கோம். மொளகா விதைக்கு என்ன பண்றதுன்னு பேசுறோம். திடீர்னு அவுக பேச்ச நிப்பாட்டுனாக. "என்னமோ சத்தம் கேக்குது"ன்னாக. எனக்கும் கேட்டுச்சு தம்பி, போன்ல. தூரத்துல லாரி வர்ற மாதிரி. அப்புறம் அவுக கத்துனாக பாருங்க. "நாகு, தண்ணி வருது. ஓடையில தண்ணி வருது நாகு"ன்னு. கல்யாணம் ஆகி இம்புட்டு வருசத்துல அந்தக் கொரல்ல அப்பிடி ஒரு சந்தோசத்த நான் கேட்டதில்ல.

உங்களுக்குத் தெரியும்ல. நீங்க எந்த ஊரு, சத்திரக்குடிப் பக்கமா. அப்பத் தெரியும். நம்ம பக்கம் வைகையில தண்ணி தொறந்து விட்டா என்ன பண்ணுவோம். ஊரே ஆத்துக்குள்ள எறங்கிரும்ல. மொதத் தண்ணி நொரையும் சருகுமா நடந்துதான் வரும். சின்னப் புள்ளைக அதுக்கு முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டே வரும். பூவப் போட்டு, சூடம் காட்டி, ஒரு கை அள்ளித் தலையில தெளிச்சாத்தான் மனசு நெறையும். வர்ற தண்ணிய வரப்புல நின்னு வேடிக்கை பாக்குறவன் எங்க ஊருல கெடையாது. தண்ணிக்கு மரியாதை வேணாமா.

நான்தான் சொன்னேன். "மச்சான், போனத் தலைக்கு ஒசக்க வச்சுக்கங்க, நனைஞ்சிராம. செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க. வந்ததும் ஒரு கை அள்ளித் தலையில தெளிச்சுக்கங்க. எனக்கும் சேத்துக் கும்புடுங்க, நம்ம கம்மாய்க்கும் வரணும்னு கும்புடுங்க"ன்னேன். "செருப்பக் கழட்டிட்டேன் நாகு"ன்னாக. நான் சொன்னா அப்பிடியே செய்வாக. ஒரு நா எதிர்த்துப் பேசுனதில்ல.

அந்த நேரம் பாத்து அவன் கத்த ஆரம்பிச்சிட்டான். அந்தக் கான். எங்க இருந்துதான் வந்தானோ. தொண்டை கிழியக் கத்துறான், திரும்பத் திரும்ப அதே வார்த்தையக் கத்துறான், கிட்டத்துல வந்து வந்து கத்துறான். இவுக எனக்கு என்னமோ சொல்றாக, கேக்க விட மாட்டேங்குறான். "கும்புட்டுட்டு வந்துர்றேன், பொறு பொறு"ன்னு அவன்கிட்டச் சொல்றாக. அப்புறம் எம்பேரச் சொன்னாக. நாகுன்னு. அதுக்குப் பின்னாடி ஒண்ணு சொன்னாக தம்பி. எங்கிட்டத்தான் சொன்னாக. அந்தக் கத்தல்ல எனக்குக் கேக்கல. அம்புட்டுத்தான். சத்தம் வந்துச்சு, போன் அறுந்துருச்சு.

கடைசிப் பேச்சு. இருவது வருசம் குடும்பம் நடத்துனவளுக்குக் கடைசியா ஒரு வார்த்தை சொல்லியிருக்காக, அத எங்காதுல விழ விடாமப் பண்ணிட்டான். அவன் நல்லா இருப்பானா. அவன் மட்டும் கத்தாம இருந்திருந்தா அவுக தண்ணியப் பாத்துக்கிட்டு ஒழுங்கா நின்னிருப்பாக. இவன் பக்கம் திரும்பித்தான் கால் தவறியிருக்கு. தண்ணி யாரையும் வலிய வந்து அடிக்காது. சின்னப் புள்ளையில இருந்து தண்ணிக்கு முன்னாடி நடந்தவுக அவுக.

அதுக்கப்புறம் எனக்குப் போன் மேல போன் போட்டான். எடுத்தா அழுகுறான். அவன் பாஷையில என்னத்தையோ சொல்லிச் சொல்லி அழுகுறான். குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன. நான் நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு வச்சிட்டேன், அந்த நம்பரே வராமப் பண்ணிட்டேன். போன வாரம் கம்பெனியில கணக்கு எழுதுற மலையாளத்து அண்ணன் பேசுனாரு. அவரு சொல்றாரு, கான் வேலைக்கே வர்றதில்லையாம், மம்பட்டியத் தூக்கிக்கிட்டுச் சரளைக்காட்டுக்குள்ள தனியாத் திரியுறானாம், வெயில்ல சுருண்டு விழுந்து ஒருக்காத் தூக்கிட்டு வந்தாகளாம், மறுபடி போயிட்டானாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னத்தத் தேடுறான் அவன். அவுக வெரல்ல ரெண்டு பவுனு மோதிரம் கெடந்துச்சு. அதுக்குத்தான். அவனுக்கு முன்னாடி நல்ல ஆளுக போயி அவுகளத் தேடி எடுக்கணும். அதுக்குத்தான் நான் இந்தப் பாடு படுறேன்.

எடுங்க தம்பி, போன் அடிக்குது பாருங்க. பேசுங்க, பேசிட்டு வாங்க. நான் சும்மாதான் இருக்கேன்.

நீங்க இந்தி பேசுறீங்களே. நல்லாப் பேசுறீங்களே. சவுதியிலயா. எட்டு வருசமா. அடியாத்தி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா. நான் கிறுக்கச்சி, நேரம் பூராவும் பேசிப் பேசியே தீத்துட்டேன். தம்பி, ஒரு ஒதவி பண்ணுங்க. உங்க அக்கா மாதிரி நெனைச்சுக்கங்க.

எங்க தெருவுல ஒரு புள்ள என் போன்ல ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்கு. பேசுறதெல்லாம் தானாப் பதிஞ்சிக்கிரும். அவுக பேச்ச மறுக்கா மறுக்காக் கேக்கணும்னு நான்தான் பண்ணச் சொன்னேன். அந்தச் சாயங்காலம் பேசுனதும் இதுல இருக்கு. இதத்தான் நான் இன்னைக்குக் கரையில போடப் போறேன். இதுல அவுகளே ஆரம்பத்துல சொல்லியிருக்காக, "இந்தப் பக்கம் மழை பேஞ்சா அம்புட்டும் சரளைக்குள்ளதான் நாகு போகும், கடலுக்குப் போகாது"ன்னு. அவுக வாயால. இதக் கேட்டப்புறம் எந்த ஐயரு எள்ள எடுத்துக் குடுப்பாரு. வழிவிட்டான் வேன்ல ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கு, கல்யாண ஊர்கோலத்துக்குப் போடுறது. அதுல மாட்டி, கரை பூராவும் கேக்குற மாதிரி போடுவேன். பங்காளிகள்ல பாதிப் பேரு துபாய், சவுதின்னு இருந்துட்டு வந்தவுகதான், இந்தி புரியும்.

அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். கடைசியில அவன் என்ன கத்துறான்னு. அவன் பேசுறதும் இந்தி மாதிரிதானாம். அசிங்கமா எதுவும் இருந்துறக் கூடாதுல்ல, பெரியவுக, பொம்பளைக எல்லாம் நிப்பாக. இந்த ஒயரக் காதுல மாட்டிக்கங்க. கடைசிப் பக்கம் மட்டும் போடுறேன். கேளுங்க. அவன் கத்தலுக்கு அடியில அவுக எங்கிட்ட என்ன சொன்னாகன்னு பிடிபட்டாலும் சொல்லுங்க.

கேக்குதா.

மறுக்காப் போடவா. வேணாமா. ஏன் தம்பி கழட்டிட்டீங்க. என்ன சொல்றான்.

சொல்லுங்க தம்பி. சன்னலப் பாத்தா என்ன அர்த்தம்.

தொழுகைக்குக் கூப்புடுறானா. அவுகளையா. எங்க வீட்டுக்காரரு காளியக் கும்புடுறவுக, அவுகள எதுக்குத் தொழுகைக்குக் கூப்புடணும். அதுக்கா இப்பிடித் தொண்டை கிழியக் கத்துறான்.

தம்பி, பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேருகிட்டக் கேட்டுட்டேன். பரமக்குடியில இந்தி சொல்லிக் குடுக்குற டீச்சரம்மா, சாப்பாட்டுக்குக் கூப்புடுறாரும்மான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாக, வெளியவே வரல. பக்கத்து வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வந்த வடக்கத்தி ஆளு கேட்டுட்டு, என் காலத் தொட்டுக் கும்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீங்க தொழுகைங்குறீங்க.

போட வேணாமா. இத அங்க போட வேணாம்னா சொல்றீங்க. ஏன். ஏன் தம்பி போடக் கூடாது. இது ஒண்ணுதானே எங்கிட்ட இருக்கு. இதப் போடலைன்னா கருமாதிய முடிச்சிருவாகளே. எங்கையப் பிடிச்சிக்கிட்டு இப்பிடிக் கெஞ்சுறீங்க, காரணத்தச் சொல்ல மாட்டேங்குறீங்க.

சரி. எனக்குப் புரிஞ்சிருச்சு. ஆளுக்கு ஒண்ணு சொல்லி மழுப்புறீங்கன்னா அப்ப அது வாயால சொல்ல முடியாத பேச்சு. அம்புட்டுக் கெட்ட வார்த்தை. அவுக கும்புட்டுக்கிட்டு நிக்கையில அவுகள அப்பிடித் திட்டியிருக்கான். ஒரு பொம்பளைகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு உங்களுக்கெல்லாம் கூசுது. நான் அப்பவே நெனைச்சேன்.

இல்ல தம்பி, நான் போடத்தான் போறேன். இப்பக் கட்டாயம் போடுவேன். எம்புட்டு அசிங்கமா இருந்தாலும் பரவாயில்ல. இந்தி தெரிஞ்சவன் அம்புட்டுப் பேரும் அந்தக் கரையில நின்னு கேக்கட்டும். எம்புருசன் சாகையில அந்தப் பாவி என்ன பேசுனான்னு ஒருத்தனாவது எனக்கு வாயத் தொறந்து சொல்லட்டும்.

இந்தாங்க, கண்ணத் தொடைங்க. அவன் பேசுனதுக்கு நீங்க எதுக்குத் தம்பி அழுகுறீங்க.